நைட்ரோ ட்ரக்: பெட்டியைப் பிரித்தது முதல் பராமரிப்பு வரை

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என் கடைக்கு வந்து கேட்கும் முதல் கேள்வி, "இத எப்படி சார் பாத்துக்கணும்?" என்பதுதான். கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தூசியைத் துடையுங்கள், காற்று போகும் வழியை மறைக்காதீர்கள், சூட்டைக் கவனியுங்கள், மேனுவலைப் படியுங்கள் என்று நான் சொல்லும் பதிலும் மாறவில்லை. இதே நான்கு வரியையும் வேறோர் இயந்திரத்துக்கு அப்படியே சொல்ல வேண்டி வரும் என்று நினைத்ததில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், போன வருடம் ஒரு நைட்ரோ ட்ரக் வாங்கினான். ரிமோட்டில் ஓடும் பொம்மை லாரி என்று நினைத்துவிடாதீர்கள். பேட்டரி கார் இல்லை, இதற்குள் உண்மையான இன்ஜின் இருக்கிறது. புகை விடும், சத்தம் போடும், சரியாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் ஒரே நாளில் கெட்டும் போகும். "மாமா, நீங்கதான் மெஷின் ஆளாச்சே, வாங்க" என்று கூப்பிட்டான். இரண்டு நாள் லீவு போட்டுக் கிளம்பினேன். அங்கே கற்றதையும், ஊர் திரும்பிய பிறகு ஒரு விஷயத்தில் நான் எடுத்த முடிவையும் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது?

பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ட்ரக்கில் பொதுவாக 2.5 சிசி முதல் 3.3 சிசி வரையிலான டூ ஸ்ட்ரோக் இன்ஜின் இருக்கும். உங்கள் வீட்டு பைக்கில் இருப்பது 100 சிசி என்று வைத்துக்கொண்டால், இது அதில் முப்பதில் ஒரு பங்குதான். ஆனால் நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளைத் தாண்டும். இந்த வகை ட்ரக்குகளில் புகழ்பெற்றது அமெரிக்காவின் டிராக்சஸ் நிறுவனம் 1999இல் வெளியிட்ட டி-மேக்ஸ். அதன் பிறகு பல நிறுவனங்கள் இதே வடிவத்தில் இறங்கின. நான்கு சக்கரமும் இழுக்கும், பெரிய டயர், ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர். மண், கல், புல் எதிலும் போகும்.

இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது, குளோ பிளக்தான். அதன் நுனியில் பிளாட்டினம் கலந்த சிறிய கம்பிச் சுருள் இருக்கும். ஆரம்பத்தில் ஒன்றரை வோல்ட் அளவுள்ள சிறு பேட்டரியால் அதைச் சிவக்கச் சூடாக்க வேண்டும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் பேட்டரியை எடுத்துவிடலாம். எரிபொருளில் உள்ள மெத்தனால் பிளாட்டினத்தின் மேல் பட்டு எரிவதால் சுருள் தானே சிவந்தபடி இருக்கும். ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் 1947இல் இதை மாதிரி விமான இன்ஜின்களுக்காகக் கொண்டுவந்தார்.

"பெட்ரோல் ஊத்தினா ஓடாதா சார்?" என்று கடைப் பையன் கேட்டான். ஓடாது. பெட்ரோல் பிளாட்டினத்தோடு இப்படி வேலை செய்வதில்லை. அதைவிட முக்கியமாக, இந்த இன்ஜினுக்குத் தனியாக ஆயில் டேங்க் இல்லை. எரிபொருளில் கலந்துள்ள ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காப்பாற்றுகிறது. வெறும் பெட்ரோலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெடும், பிஸ்டனும் பிடித்துக்கொள்ளும்.

நைட்ரோ எரிபொருள் என்பது மூன்று பொருள்களின் கலவை. நைட்ரோமீத்தேன் 10 முதல் 30 சதவீதம் வரை. ஆயில் ஏறக்குறைய 8 முதல் 20 சதவீதம் வரை. மீதி எல்லாம் மெத்தனால். அதாவது கேனின் பெயரில் நைட்ரோ இருந்தாலும் உள்ளே பெரும்பங்கு மெத்தனால்தான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

நைட்ரோமீத்தேன் எதற்கு? ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு சுமார் 6.5 கிலோ போதும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோவே போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதே அளவு காற்றில் அதிக எரிபொருளை எரிக்க முடிவதால் அத்தனை சிறிய இன்ஜினுக்கு இத்தனை பலம்.

முதலில் மேனுவல், பிறகு ரேடியோ

பெட்டியைப் பிரித்த உடனே இன்ஜினைக் கிளப்ப அவன் துடித்தான். நான் விடவில்லை. மேனுவலின் பிடிஎஃப் கோப்பை லேப்டாப்பில் இறக்கிக்கொண்டோம். நூறு பக்கம் என்று பயப்பட வேண்டாம். கன்ட்ரோல் கீயையும் எஃப் கீயையும் சேர்த்து அழுத்தினால் தேடும் பெட்டி வரும். அதில் பிரேக் இன் என்று ஆங்கிலத்தில் தட்டினால் நேரே தேவையான பக்கத்துக்குப் போய்விடலாம். இந்த ஒரு வசதிக்காகவே எந்தச் சாதனம் வாங்கினாலும் அச்சுப் புத்தகத்தோடு பிடிஎஃப் கோப்பையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

அடுத்தது ரேடியோ. பழைய ரிமோட் கார்கள் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கின. ஒரே மைதானத்தில் இரண்டு பேர் ஒரே சேனலை வைத்திருந்தால் இவர் திருப்ப அவர் வண்டி திரும்பும். இப்போது வருபவை 2.4 கிகாஹெர்ட்ஸ். உங்கள் வீட்டு வைஃபையும் ப்ளூடூத்தும் இதே அலைவரிசைதான். ஆனால் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் முதலில் ஒன்றையொன்று அடையாளம் கண்டு ஜோடி சேர்ந்துவிடுவதால் குழப்பம் வராது. ப்ளூடூத் மவுஸை லேப்டாப்போடு இணைப்பது போலத்தான்.

ஒழுங்கு மாறக்கூடாது. ஆன் செய்யும்போது முதலில் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டர், பிறகு வண்டியிலுள்ள ரிசீவர். ஆஃப் செய்யும்போது முதலில் ரிசீவர், பிறகு டிரான்ஸ்மிட்டர். மாற்றிச் செய்தால் கட்டளை கொடுக்க ஆள் இல்லாமல் வண்டி விழித்துக்கொண்டிருக்கும் நேரம் ஒன்று வரும்.

ஃபெயில் சேஃப் என்ற வசதியைத் தவறாமல் செட் செய்யுங்கள். சிக்னல் போய்விட்டால் திராட்டில் தானாக மூடி பிரேக் பிடிக்க வேண்டும். இன்ஜினைக் கிளப்பாமல், சக்கரங்கள் தரையில் படாதபடி ஒரு மரக்கட்டையின் மேல் வண்டியை வைத்து, டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்து பாருங்கள். திராட்டில் சர்வோ பிரேக் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அன்றைக்கு வண்டி ஓடக்கூடாது. கார்புரேட்டரில் ஒரு சிறு ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் மாட்டுங்கள். ரிசீவர் பேட்டரி செத்துப்போனால் ஃபெயில் சேஃப் வேலை செய்யாது, ஸ்பிரிங் வேலை செய்யும். நாலு கிலோ எடையுள்ள வண்டி முழு வேகத்தில் யாருடைய காலில் மோதினாலும் எலும்பு தாங்காது.

ஏர் ஃபில்டரையும் அப்போதே பாருங்கள். உலர்ந்த ஸ்பாஞ்சாக வரும். அதை ஒரு பாலித்தீன் கவரில் போட்டு, ஃபில்டர் ஆயில் சில சொட்டு விட்டு, ஆயில் முழுக்கப் பரவும் வரை கவரோடு பிசைந்து, பிழிந்து மாட்ட வேண்டும். ஆயில் இல்லாத ஃபில்டர் நம் ஊர்ச் செம்மண்ணை அப்படியே உள்ளே விடும். கரும்பு லோடு டிராக்டர் போகும் பாதையோரம் ஓடும் கடைகளில் சிபியு ஃபேன் என்ன கதியாகிறது என்று எனக்குத் தெரியும். இங்கே அதே மண் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் போய் உப்புத்தாள் போல அரைத்துவிடும்.

பிரேக் இன்: பொறுமைக்குப் பரீட்சை

புது இன்ஜினின் சிலிண்டர் மேலே போகப் போக லேசாகக் குறுகியிருக்கும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் மேல் முனையில் இறுகிப் பிடிக்கும். சூடு ஏறினால் சிலிண்டர் விரிந்து சரியான இடைவெளி வரும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். அதற்குத்தான் முதல் ஐந்து, ஆறு டேங்க்.

கிளப்புவதற்கு முன் எரிபொருள் கார்புரேட்டர் வரை வந்திருக்கிறதா என்று ட்யூபில் பாருங்கள். சைலன்சர் முனையை விரலால் மூடிக்கொண்டு கயிற்றை இரண்டு மூன்று முறை இழுத்தால் வந்துவிடும். கயிற்றை ஓரடிக்கு மேல் இழுக்காதீர்கள். திடீரென்று கயிறு இறுகினால் பலம் காட்டவேண்டாம். உள்ளே எரிபொருள் நிறைந்துவிட்டது என்று பொருள். குளோ பிளக்கைக் கழற்றி, துவாரத்தின் மேல் துணியைப் போட்டு, கயிற்றை இழுத்து வெளியேற்றிவிட்டுத் தொடருங்கள்.

முதல் டேங்க்கில் எரிபொருள் அதிகமாகவே போக வேண்டும். இதை ரிச் என்பார்கள். குறைத்தால் லீன். கார்புரேட்டரின் பெரிய ஊசியைக் கடிகாரச் சுற்றில் திருப்பினால் லீன், எதிர்ச்சுற்றில் திருப்பினால் ரிச். சைலன்சரிலிருந்து நீல வெள்ளைப் புகை வால் போல வரவேண்டும். வண்டி மந்தமாக இருக்கும், இருக்கட்டும். மேல் பாடியைக் கழற்றிவிட்டு, கால் திராட்டிலில் முன்னும் பின்னுமாக மெதுவாக ஓட்டுங்கள். அடுத்தடுத்த டேங்க்குகளில் அரை, முக்கால் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம்.

ஒவ்வொரு டேங்க் முடிந்ததும் நிறுத்தி, பிஸ்டனைக் கீழ் முனைக்குக் கொண்டுவந்து, முழுக்க ஆறவிடுங்கள். மேல் முனையில் விட்டுவிட்டால் ஆறும்போது சிலிண்டர் சுருங்கி பிஸ்டனை நசுக்கும். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பிளக்கைக் கழற்றி ஒருமுறை பார்த்து, கீழ் முனைக்கு வந்த இடத்தில் ஃப்ளைவீலில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கோட்டைப் பார்த்தே வைக்கலாம்.

மூன்றாவது டேங்க்கில்தான் வம்பு வந்தது. பக்கத்தில் வேறொருவர் வண்டி பறந்துகொண்டிருந்தது, நம்முடையது நொண்டியது. நான் டீ குடிக்கப் போன இடைவெளியில் மருமகன் ஊசியை அரைச் சுற்று இறுக்கிவிட்டான். வண்டி சீறிக்கொண்டு போனது, புகை நின்றது, இரண்டு நிமிடத்தில் இன்ஜினும் நின்றது. தெர்மாமீட்டரைப் பிடித்துப் பார்த்தால் 290 டிகிரி ஃபாரன்ஹீட்.

"என்ன மாப்ள பண்ணின?"

"கொஞ்சம்தான் மாமா திருப்பினேன்."

கொஞ்சம் என்பது இந்த ஊசிக்கு எட்டில் ஒரு சுற்று. அரைச் சுற்று என்பது பெரிய தாவல். லீன் ஆனால் எரிபொருள் குறைகிறது, அதோடு ஆயிலும் குறைகிறது. சூடு கூடும் நேரத்தில் மசகு குறையும். புது ப்ராசசரை ஓவர்கிளாக் செய்துவிட்டு ஃபேனையும் கழற்றிவிடுவது போன்ற வேலை இது. நல்ல வேளை, ஆறிய பிறகு கையால் சுற்றிப் பார்த்ததில் மேல் முனையில் பிடிப்பு இன்னும் இருந்தது. பிளக் மட்டும் போயிற்று. ஊசியைப் பழைய இடத்தைவிடவும் கொஞ்சம் ரிச் ஆக்கி மறுபடி ஆரம்பித்தோம்.

பொதுவாக ஓட்டத்தில் இன்ஜின் தலைப்பகுதி 220 முதல் 250 ஃபாரன்ஹீட் வரை இருக்கலாம். 270ஐ நெருங்கினால் நிறுத்துங்கள். பிரேக் இன் சமயத்தில் 200 சுற்றி இருந்தால் நல்லது. சூடே ஏறாமல் ஓட்டுவதும் தவறு, இறுக்கத்திலேயே பிஸ்டன் தேயும். அளக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வேண்டும். கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்த அதே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது மனித உடல் சூட்டுக்கு மேல் காட்டாது. தொழிற்சாலை உபயோகத்துக்கான கருவியாகக் கேட்டு வாங்குங்கள்.

கம்ப்யூட்டரில் ஒரு பதிவேடு

இனி உங்கள் கம்ப்யூட்டருக்கு வேலை. எக்ஸெல் இருந்தால் எக்ஸெல், இல்லாவிட்டால் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க். புது ஷீட்டைத் திறந்து, முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளைத் தட்டுங்கள்: தேதி, டேங்க் எண், இடம், காற்றின் சூடு, ஊசி நிலை, இன்ஜின் சூடு (ஃபாரன்ஹீட்), செல்சியஸ், குறிப்பு.

இன்ஜின் சூடு ஆறாவது கட்டத்தில், அதாவது எஃப் காலத்தில் வரும். செல்சியஸ் காலத்தின் இரண்டாவது வரிசையில் கிளிக் செய்து =(எஃப்2-32)*5/9 என்று கொடுங்கள். எஃப் என்பதை ஆங்கில எழுத்தாகத் தட்ட வேண்டும். என்டர் அழுத்திவிட்டு, சோதனைக்காக எஃப்2 கட்டத்தில் 212 என்று கொடுத்துப் பாருங்கள். 100 வந்தால் சரி. அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு புள்ளியை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசைக்கும் சூத்திரம் வந்துவிடும்.

பத்து டேங்க் சேர்ந்ததும், சூட்டுக் காலத்தைத் தேர்வு செய்து, இன்சர்ட் மெனுவில் சார்ட் என்பதை கிளிக் செய்து, கோட்டு வரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் வரைபடத்தில் மூன்றாவது டேங்க் மட்டும் பனைமரம் போல நிற்கிறது. மருமகன் அதை அழித்துவிடலாம் என்றான். அழிக்கவில்லை.

இந்தப் பதிவேட்டில் இடம் என்ற தலைப்பு எதற்கு என்று கேட்பீர்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு, ஆக்சிஜனும் குறைவு, அதனால் எரிபொருளும் குறைவாகத்தான் வேண்டும். அங்கே சரியாக வைத்த ஊசியோடு கள்ளக்குறிச்சி சமவெளிக்கு வந்தால் காற்று கூடும், எரிபொருள் கூடாது. இன்ஜின் லீன் ஆகும். நம் ஊர் வெயிலில் காற்று விரிந்து அடர்த்தி கொஞ்சம் குறையும் என்றாலும் உயர வித்தியாசத்தை அது முழுக்க ஈடுகட்டாது. எட்டில் ஒரு சுற்று ரிச் செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இதற்கு நேர் எதிராக, சமவெளியிலிருந்து கல்வராயன் மலை ஏறினால் ஊசியை லீன் பக்கம் கொண்டுபோக வேண்டி வரும். மலை ஏறக்குறைய 2,000 அடியிலிருந்து 4,000 அடி வரை போகிறது. கச்சிராயபாளையத்தில் வைத்த அளவு வெள்ளிமலையில் நிற்காது.

கேன் ஊருக்கு வரவில்லை

இரண்டாம் நாள் மாலை, ட்ரக்கை என்னோடு அனுப்புவதாக மருமகன் சொன்னான். "மலைப் பக்கம் ஓட்டிப் பாருங்க மாமா, எரிபொருள் ஒரு கேன் தரேன், பஸ்ஸுல கால்கிட்ட வச்சிக்கிங்க." கேன் மேசை மேல் இருந்தது. உள்ளே இளஞ்சிவப்பாக, ரோஸ்மில்க் போல இருந்தது. அடையாளத்துக்காகச் சாயம் சேர்க்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வேறு ஞாபகம் வந்துவிட்டது.

2024 ஜூனில் எங்கள் ஊர் கருணாபுரத்தில் நடந்ததை நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். கள்ளக்குறிச்சி மருத்துவமனை நிரம்பி, சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்பினார்கள். அந்த வாரம் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருந்தேன், வேலை ஓடவில்லை. வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் நிற்கவே இல்லை.

மெத்தனால் என்ன செய்கிறது என்பதை அப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். குடித்த உடனே பெரிதாக எதுவும் தெரியாது. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் ரத்தத்தில் சேர்ந்து முதலில் கண் நரம்பைத் தாக்குகிறது. பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல் வரும். 10 மில்லி அளவே பார்வையைப் பறிக்கக்கூடும். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும்கூட உடம்புக்குள் போகும். தவறி யாராவது குடித்துவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நேரத்தோடு போனால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் காப்பாற்றும்.

அந்தத் திரவத்தை மூன்றே முக்கால் லிட்டர் கேனில் எங்கள் தெருவுக்குள் கொண்டுபோவதா? பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீடு. கடையிலோ வேலைக்கு வரும் பையன்கள் கையில் கிடைத்த பாட்டிலில் தண்ணீர் குடிப்பார்கள். மருமகனிடம் வேண்டாம் என்றேன். முதலில் சிரித்தான். கருணாபுரத்தை நான் சொன்னதும் கேனை எடுத்து உள்ளே வைத்துவிட்டான்.

பாதுகாப்பு ஒருபுறம், சட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மெத்தனாலை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் கோரும் விதிகள் 1959 முதலே உண்டு. எனவே தமிழ்நாட்டு வாசகர்கள் நைட்ரோ ட்ரக் வாங்கும் ஆசை இருந்தால், வண்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன் மாவட்ட மதுவிலக்கு ஆயத்தீர்வை அலுவலகத்தில் இந்த எரிபொருளைக் காட்டிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி ஆன்லைனில் கிடைக்கிறது என்பதற்காக எரிபொருளும் வீட்டில் வைக்கலாம் என்று ஆகிவிடாது. பஸ்ஸிலோ ரயிலிலோ விமானத்திலோ இதை எடுத்துப் போகவும் கூடாது.

முறைப்படி வைத்திருக்க முடிந்தவர்களுக்குச் சில வார்த்தைகள். வந்த கேனிலேயே வையுங்கள். தண்ணீர் பாட்டில், ஜூஸ் பாட்டில் எதிலும் ஒரு துளிகூட மாற்றாதீர்கள், ஐந்து நிமிடத்துக்குக்கூட. மண்டை ஓடு படமும் தமிழில் விஷம் என்ற எழுத்தும் ஒட்டுங்கள். பூட்டு போடுங்கள். கையுறை போட்டு, திறந்த வெளியில் மட்டும் ஊற்றுங்கள். மெத்தனால் சுடர் பகல் வெளிச்சத்தில் ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாது. எரிவது தெரியாமல் கையை வைத்தவர்கள் உண்டு. எனவே சூடான இன்ஜினில் எரிபொருள் நிரப்பக்கூடாது, பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் இருக்க வேண்டும். கேன் மூடியை இறுக்கமாக மூடுங்கள். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் கலந்தால் இன்ஜின் நிலையாக ஓடாது.

ஓடாத வண்டிக்கும் பராமரிப்பு உண்டு

கடைசியில் ட்ரக் மட்டும் என்னோடு வந்தது, காலி டேங்க்கோடு. கிளம்புவதற்கு முன் டேங்க்கிலும் ட்யூபிலும் ஒரு சொட்டு இல்லாமல் இன்ஜின் தானே நிற்கும் வரை ஓடவிட்டோம். பிறகு கார்புரேட்டர் வாயிலும் பிளக் துவாரத்திலும் ஆஃப்டர் ரன் ஆயில் நாலைந்து சொட்டு விட்டு, கயிற்றை ஐந்தாறு முறை இழுத்து உள்ளே பரப்பினோம். இதைச் செய்யாமல் ஒரு வாரம் விட்டால் மிச்சமுள்ள மெத்தனால் ஈரத்தை இழுத்து பேரிங்கில் துரு ஏற்றிவிடும். ஓட்டிய ஒவ்வொரு நாள் கடைசியிலும் இது கட்டாயம்.

சுத்தம் செய்ய நான் பயன்படுத்துவது கடையில் சிபியு தூசி ஊதும் அதே ப்ளோயர். தண்ணீர் வேண்டாம். முதலில் ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மண் போகாதபடி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊதுங்கள். அதன் பிறகு ஸ்க்ரூக்கள். நைட்ரோ இன்ஜினின் அதிர்வில் எல்லா ஸ்க்ரூவும் மெல்லக் கழலும். உலோகத்தில் உலோகம் சேரும் இடங்களில் நீல நிறத் திரெட்லாக் ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். சிவப்பு வாங்கிவிடாதீர்கள், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது. பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவுக்கு திரெட்லாக் கூடாது. பல்சக்கரங்களின் நடுவில் நோட்டுத் தாள் கீற்று ஒன்றை விட்டுச் சுற்றுங்கள். தாள் கிழியாமல் மடிப்பு மட்டும் விழுந்து வெளியே வந்தால் இடைவெளி சரி.

மலையில் ஓட்டும் ஆசை மட்டும் போகவில்லை. அதே அளவில் ஓர் எலக்ட்ரிக் ட்ரக் வாங்கினேன். பிரஷ்லெஸ் மோட்டார், லித்தியம் பாலிமர் பேட்டரி. லேப்டாப் பேட்டரி பற்றி நான் சொல்லும் எச்சரிக்கை எல்லாம் இதற்கு இரண்டு மடங்கு பொருந்தும். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கக்கூடாது, சும்மா வைக்கும்போது 3.8 வோல்ட். உப்பிப்போன பேட்டரியை மறுபடி சார்ஜ் போடக்கூடாது. சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. நைட்ரோவின் சத்தமும் புகையும் இதில் இல்லை, அந்தக் குறை எனக்கும் உண்டு. ஆனால் கரியாலூர் பக்கம் கொண்டுபோனால் ஊசி திருப்பும் வேலை இல்லை, மோட்டாருக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. ஏறும் பாதையில் மோட்டார் சூடு மட்டும் கூடுகிறது. அதையும் அதே ஷீட்டில் புதிய டேப் போட்டுப் பதிகிறேன்.

நைட்ரோ ட்ரக் கடையில் அலமாரியின் மேல் தட்டில், துணி போர்த்தி இருக்கிறது. மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி இரண்டு சொட்டு ஆயில் விட்டு, ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, மார்க்கர் கோட்டைக் கீழ் முனையில் நிறுத்தி வைக்கிறேன். பொங்கலுக்கு மருமகன் வந்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான். பெங்களூரில் முதல் டேங்க் ஊற்றுவதற்கு முன் பிளக்கைக் கழற்றி இந்த ஆயிலை வெளியேற்ற வேண்டும் என்று குறிப்புக் காலத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.